பரணில் கிடந்த பேஸ்பால் கார்டுகள்: புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

அமெரிக்கக் குடும்பங்களில் வயதானவர் ஒருவர் காலமாகி வீட்டை ஒழிக்கும்போது, பரணிலிருந்து ஒரு பழைய ஷூ பெட்டி இறங்குவது அடிக்கடி நடப்பதுதான். திறந்தால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பேஸ்பால் கார்டுகள். உடனே யாராவது செல்போனை எடுத்து விலை தேட ஆரம்பித்துவிடுவார்கள். அது எந்த வருடத்துக் கார்டு, எந்த நிறுவனம் வெளியிட்டது, அசலா மறுபதிப்பா என்று தெரியாமல் பார்க்கிற விலைக்கு அர்த்தம் இல்லை. ஒரே கார்டு, முனை கூராக இருக்கிறதா மழுங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்து நூறு மடங்குகூட விலை மாறும். அதோடு, விலை தேடுகிற அவசரத்தில் இன்னொன்றும் போய்விடுகிறது: கார்டுகள் எந்த வரிசையில் இருந்தன, யார் சேர்த்தார், எங்கே வாங்கினார் என்ற விவரம். அதைப் பிறகு எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.

நம் ஊரில் தீப்பெட்டிப் படம் சேர்த்த தலைமுறைக்கு இந்தப் பழக்கம் சட்டென்று புரியும். வாங்கியது வேறு பொருள், சேர்த்தது அதோடு வந்த படம். பேஸ்பால் கார்டும் அப்படித்தான் பிறந்தது. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம். பின்பக்கம் விளம்பரம் அல்லது வரிசை எண், பிறந்த ஊர், ஆட்டக் கணக்கு. பழைய கார்டு என்று சேகரிப்பாளர்கள் சொல்வது பொதுவாக 1980 வரை வந்தவற்றை. 1981-இல் ஃப்ளீர், டான்ரஸ் என்ற நிறுவனங்கள் களத்தில் இறங்கின. அதுவரை கால் நூற்றாண்டு காலம் டாப்ஸ் நிறுவனத்துக்கு ஏறக்குறைய போட்டியே இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் வந்தவற்றை ‘ப்ரீ-வார்’ என்று தனியாகப் பிரிப்பார்கள்.

சிகரெட்டில் தொடங்கிய கதை

1880களில் அமெரிக்க சிகரெட் பாக்கெட்டுகள் மெல்லிய காகிதத்தால் ஆனவை. உள்ளே சிகரெட் நசுங்காமல் இருக்க ஒரு விறைப்பான அட்டை வைத்தார்கள். அந்த அட்டையில் படம் அச்சடித்தால் வாங்கியவரே மீண்டும் வாங்குவார் என்று கண்டுகொண்டதும் நடிகைகள், பறவைகள், கொடிகள், பேஸ்பால் வீரர்கள் என்று வரிசை வரிசையாக வந்தன. 1887-இல் ‘ஓல்ட் ஜட்ஜ்’, ‘ஆலன் அண்ட் ஜின்டர்’ சிகரெட்டுகளோடு வந்தவை இந்தக் காலத்தின் முக்கியமான தொகுப்புகள்.

புதியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய தொகுப்பு டி206. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்டது. 500-க்கும் மேற்பட்ட கார்டுகள். அளவு சுமார் 1 7/16 அங்குல அகலம், 2 5/8 அங்குல உயரம். உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தச் சின்னப் பரப்பில் கல்லச்சு முறையில் தீட்டிய வானமும் மைதானமும் இன்றைக்கும் கண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. பின்பக்கம் சிகரெட் விளம்பரம் இருக்கும்: பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் என்று பதினாறு பிராண்டுகள். இந்த இரண்டும் ஏராளமாகக் கிடைப்பவை. டை காப் என்ற டெட்ராய்ட் ஆட்டக்காரரின் பெயரிலேயே இருந்த பிராண்டின் பின்பக்கம் கொண்டவை மிக அரியவை. எனவே டி206 கையில் கிடைத்தால் முகத்தைப் பார்த்ததும் திருப்பிப் பார்க்க வேண்டும்; பாதி விலை முதுகில்தான் இருக்கிறது.

‘டி206’ என்ற பெயர் சிகரெட் கம்பெனி வைத்ததல்ல. ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் அமெரிக்காவில் வந்த எல்லாவகை விளம்பரக் கார்டுகளுக்கும் பட்டியல் போட்டு, வகைக்கு ஓர் எழுத்து கொடுத்தார். 19-ஆம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டுக்கு என், 20-ஆம் நூற்றாண்டுப் புகையிலைக்கு டி, ஆரம்பகால மிட்டாய்க் கார்டுக்கு ஈ, 1930களிலிருந்து வந்த பபுள்கம் வகைக்கு ஆர். கடும் மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிய நிலையிலும், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்டுகளையும் அச்சுத் துண்டுகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, ஆல்பங்களில் தானே ஒட்டி முடித்துவிட்டு 1963-இல் இறந்தார். இன்றும் உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் பேசுவது அவர் வகுத்த எழுத்துகளில்தான்.

இந்தத் தொகுப்பில்தான் புகழ்பெற்ற ஹோனஸ் வாக்னர் கார்டு இருக்கிறது. பிட்ஸ்பர்க் அணியின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நின்று பந்தைத் தடுப்பவர். தன் படத்தைப் போட அவர் சம்மதிக்கவில்லை; சிறுவர்கள் சிகரெட் வாங்குவது பிடிக்காததால் என்பார்கள் சிலர், பணம் தராததால் என்பார்கள் வேறு சிலர். அச்சு சீக்கிரமே நிறுத்தப்பட்டது. எஞ்சியவை சுமார் 60. அதில் ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

1933-இல் பாஸ்டனைச் சேர்ந்த கௌடி கம் கம்பெனி பபுள்கம்மோடு 240 எண்கள் கொண்ட தொகுப்பைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரமான பேப் ரூத்துக்கு மட்டும் அதில் நான்கு கார்டுகள்: 53, 144, 149, 181. 106-ஆம் எண்ணை மட்டும் அந்த ஆண்டு கம்பெனி அச்சடிக்கவே இல்லை. தொகுப்பை முடிக்கப் பிள்ளைகள் பாக்கெட் மேல் பாக்கெட்டாக வாங்கினார்கள். கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மறு ஆண்டு நாப் லஜோய் என்ற பழைய ஆட்டக்காரரின் படத்தோடு அந்த 106 தபாலில் போனது. யாருடைய தாத்தாவின் பெட்டியிலாவது அது இருந்தால், அவர் பொறுமையாகக் கடிதம் எழுதிய பையன் என்று ஊகிக்கலாம்.

1952: எல்லாரும் பேசும் ஆண்டு

புரூக்ளினைச் சேர்ந்த டாப்ஸ் சூயிங் கம் கம்பெனி 1952-இல் 407 கார்டுகள் கொண்ட தொகுப்பைப் போட்டது. சை பெர்கர் என்ற ஊழியர் வடிவமைத்தார். 2 5/8-க்கு 3 3/4 அங்குலம் என்ற பெரிய அளவு, வண்ணப்படம், அணியின் சின்னம், பின்னால் கடந்த ஆண்டுக் கணக்கும் வாழ்நாள் கணக்கும். இன்று நாம் காணும் கார்டின் உருவம் ஏறத்தாழ அங்கே நிலைபெற்றது.

பழைய கார்டுகளின் அருமையை விளங்கிக்கொள்ள இந்த ஒரு தொகுப்பே போதும். 407-ஐயும் ஒரே நாளில் கடைக்கு அனுப்பவில்லை. பருவம் நகர நகரப் பகுதி பகுதியாக அனுப்பினார்கள். 311 முதல் 407 வரையிலான கடைசிப் பகுதி வந்தபோது ஆண்டின் பேஸ்பால் முடியும் தறுவாய். பிள்ளைகளின் கவனம் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குத் திரும்பிவிட்டது. கடைக்காரர்கள் வாங்கவில்லை. விற்காத பெட்டிகள் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 1960-இல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லான்டிக் கடலில் கொட்டியதாகப் பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இப்படி எண் உயர உயர அரிதாவதைத்தான் ‘ஹை நம்பர்’ என்கிறார்கள். 1960களின் பல டாப்ஸ் தொகுப்புகளிலும் இதே கதைதான்.

311-ஆம் எண் நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் மிக்கி மேன்டில். நன்கு பாதுகாக்கப்பட்ட ஒரு பிரதி 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இது மேன்டிலின் முதல் கார்டு அல்ல. முதல் கார்டு 1951-இல் போமன் நிறுவனம் வெளியிட்ட 253. அச்சுத் தாளில் மேன்டில் இரண்டு இடங்களில் இருந்ததால் 311 தன் பகுதியிலேயே மற்றவற்றைவிட இரட்டிப்பாக அச்சானது. அப்படியும் அதற்குத்தான் உச்ச விலை. அருமை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. ஒரு தலைமுறை முழுவதும் எதைத் தன் பிள்ளைப் பருவமாக நினைத்ததோ அதற்கு விலை ஏறுகிறது.

முதல் எண் ஆண்டி பாஃப்கோ. சுமாரான ஆட்டக்காரர் இல்லை, மேன்டில் அளவுக்கு நட்சத்திரமும் இல்லை. ஆனால் கூரான முனைகளோடு அவர் கார்டு கிடைத்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். பையன்கள் கார்டுகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டார்கள். 1 எப்போதும் மேலே இருந்தது. ரப்பர் அதன் இரு ஓரங்களிலும் பள்ளம் வெட்டியது, மேசையில் உராய்ந்தது, காபிக் கோப்பை அதன் மேல் உட்கார்ந்தது. பாஃப்கோ கார்டின் நீளவாட்டு ஓரங்களைக் கவனித்தால், நடுவில் எதிரெதிரே இரண்டு சின்ன வெட்டுகள் பல பிரதிகளில் தெரியும். அது அச்சுப் பிழையல்ல. ஒரு பையன் ஒழுங்காக அடுக்கி வைத்ததன் தடம்.

அம்மா தூக்கிப் போட்டது

“என்னிடம் மேன்டில் இருந்தது, அம்மா தூக்கிப் போட்டுவிட்டார்கள்” என்று சொல்லாத அறுபதுகளின் அமெரிக்கப் பையன் அபூர்வம். பையன் கல்லூரிக்கோ ராணுவத்துக்கோ போவான், அம்மா அறையை ஒழிப்பார். போர்க்காலத்தில் பழைய காகிதம் திரட்டியபோதும் ஏராளமான கார்டுகள் கூழாகப் போயின. தப்பியவையும் சும்மா இருந்தவை அல்ல. சைக்கிள் சக்கரக் கம்பியில் துணி கிளிப்பால் மாட்டி மோட்டார் சத்தம் வரவழைத்தார்கள். சுவரில் எறிந்து, யாருடையது சுவருக்கு அருகில் விழுகிறதோ அவருக்கே எல்லாம் என்று ஆடினார்கள். ஆட்டக்காரர் வேறு அணிக்கு மாறினால் பழைய பெயரைப் பேனாவால் அடித்துப் புதியதை எழுதினார்கள். இருப்பதைக் குறித்துக்கொள்ள டாப்ஸ் கொடுத்த சரிபார்ப்புப் பட்டியல் கார்டுகளில் கட்டம் கட்டமாக டிக் போட்டார்கள். குறிக்காத பட்டியல் இன்று கூடுதல் விலை போகிறது என்றால், அதைக் குறிக்காமல் வைத்திருந்த பையன்கள் மிகக் குறைவு என்பதுதான் காரணம்.

அந்த அம்மாக்கள்மேல் வருத்தப்பட ஒன்றும் இல்லை. எல்லாரும் பத்திரப்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 1980களின் கடைசியும் 1990களின் தொடக்கமும் சாட்சி. விலை ஏறும் என்று நம்பிக் கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள், கோடிக்கணக்கில் பத்திரப்படுத்தினார்கள். இன்று அந்தக் காலக் கார்டுகள் பெரும்பாலும் காகித விலைக்கும் போவதில்லை. பெட்டியில் 1987 முதல் 1993 வரையிலான கார்டுகளே நிறைந்திருந்தால், பேரப்பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுவது நல்ல முடிவு. ஒன்றிரண்டு விதிவிலக்குகளை மட்டும் தனியே பார்த்துக்கொள்ளலாம்.

பரண்களில் இன்னும் நல்லவை கிடைக்கின்றன என்பதும் உண்மை. 2012-இல் ஓஹையோ மாநிலத்தின் டிஃபையன்ஸ் ஊரில், ஒரு குடும்பத்துத் தாத்தாவின் வீட்டுப் பரணில் இருந்த அட்டைப் பெட்டியில் 1910-ஐச் சேர்ந்த ஈ98 மிட்டாய்க் கார்டுகள் சுமார் 700 கிடைத்தன. கட்டுக் கட்டாக, வெளிச்சம் படாமல், அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே. அவர் இறைச்சிக் கடை வைத்திருந்தவர். மிட்டாயோடு கொடுக்க வந்த விளம்பரக் கார்டுகளில் மிச்சத்தைப் பரணில் போட்டிருப்பார் என்று குடும்பம் கருதியது. பேரப்பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டார்கள், அதில் 37 கார்டுகள் மட்டுமே ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் போயின. 2016-இல் வேறொரு குடும்பம் கொள்ளுத்தாத்தா வீட்டைச் சுத்தம் செய்தபோது, கசங்கிய காகிதப் பை ஒன்றைக் குப்பையோடு போட இருந்தது. உள்ளே ‘டை காப்’ பின்பக்கம் கொண்ட ஏழு கார்டுகள். ஆகவே கசங்கிய பையையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுங்கள்.

பெட்டி கைக்கு வந்ததும்

முதலில் எதையும் பிரிக்காமல் படம் எடுங்கள். பெட்டி, அதன் மேல் எழுத்து, உள்ளே கட்டுகள் இருக்கும் நிலை. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஈரம் உலர்ந்த பின் தொடுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம். அதன் நூல் மழுங்கிய முனையில் மாட்டி இழுக்கும். மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். காபி, தண்ணீர் எதுவும் அந்த மேசைக்கு வரக்கூடாது.

பழைய ரப்பர் பேண்டு காய்ந்து கார்டோடு ஒட்டியிருக்கலாம். இழுத்துக் கழற்றினால் காகிதத்தின் மேல்தோல் உரிந்து வரும். கத்தரியால் கட்டின் பக்கவாட்டில், கார்டைத் தொடாத இடத்தில் வெட்டிவிட்டு, ஒட்டிய துண்டைத் தானாக உதிரும்வரை விட்டுவிடுங்கள். கட்டுக்குள் இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். எண் வரிசையா, அணி வரிசையா, பிடித்தவர் வரிசையா என்பதே ஒரு தகவல்.

வருடம் கண்டுபிடிக்க அளவுகோல் பெரிய உதவி. டாப்ஸ் கார்டு 2 5/8-க்கு 3 3/4 அங்குலம் என்றால் 1952–56. 2 1/2-க்கு 3 1/2 என்றால் 1957 அல்லது அதற்குப் பிந்தையது. அதற்குப் பின் அதுவே எல்லாருக்கும் பொது அளவாயிற்று. 1951 போமன் 2 1/16-க்கு 3 1/8. அடுத்து பின்பக்கம். பல டாப்ஸ் கார்டுகளில் வருடமே அச்சிட்டிருக்காது, ‘டி.சி.ஜி.’ என்று டாப்ஸ் சூயிங் கம்மின் சுருக்கம் மட்டும் அடியில் இருக்கும். ஆட்டக் கணக்கின் கடைசி வரியில் எந்த ஆண்டு இருக்கிறதோ அதற்கு அடுத்த ஆண்டுதான் பெரும்பாலும் கார்டின் ஆண்டு. கடைசி வரி 1958 என்றால் கார்டு 1959. பிறகு எண்ணையும் ஆட்டக்காரர் பெயரையும் சேர்த்து இணையப் பட்டியல்களில் தேடினால் தொகுப்பு உறுதியாகிவிடும்.

நிலையை எடைபோடுவது

சேகரிப்பாளர்கள் நான்கைப் பார்ப்பார்கள்: முனை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் விதம். முனையில் கூர் போய் வெள்ளை நார் தெரிந்தால் ஒரு படி இறங்கும். உருண்டுவிட்டால் இரண்டு மூன்று படி. 1971 டாப்ஸ் தொகுப்புக்குக் கறுப்பு ஓரம், அதனால் நகம் பட்டாலும் வெள்ளையாகத் தெரியும். அந்த ஆண்டில் நல்ல பிரதி கிடைப்பது கடினம்.

படத்தின் அமைவை விகிதமாகச் சொல்வார்கள். இடது ஓரம் 2 மில்லிமீட்டர், வலது 3 என்றால் மொத்தம் 5; பெரியது அதில் 60 சதவீதம். அதாவது 60/40. மேலும் கீழும் இதேபோல் அளந்து, இரண்டில் மோசமானதைக் கணக்கில் கொள்வார்கள். கார்டுகளுக்கு 1 முதல் 10 வரை தரமிடும் பிஎஸ்ஏ நிறுவனத்தில் 8 வாங்க முன்பக்கம் 65/35-க்குள் இருக்க வேண்டும், 7-க்கு 70/30.

புதியவர்கள் கோட்டை விடுவது மெல்லிய சுருக்கத்தில். நேராகப் பார்த்தால் கார்டு அப்பழுக்கின்றி இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, கார்டை மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் முடிபோன்ற ஒரு வரி மின்னி மறையும். அந்த ஒரு வரி 8 தரத்தை 4-க்கோ 5-க்கோ இறக்கிவிடும். பின்பக்கத்தையும் இதேபோல் பாருங்கள்; பபுள்கம் ஒட்டிய பழுப்புக் கறையும் பாக்கெட்டைச் சுற்றியிருந்த மெழுகுத்தாளின் கறையும் அங்கேதான் இருக்கும்.

அசலா, மறுபதிப்பா

1983-இல் டாப்ஸ் நிறுவனமே 1952 தொகுப்பை மறுபடி அச்சிட்டது, 402 கார்டுகள். அளவு 2 1/2-க்கு 3 1/2, பின்பக்கத்தில் மறுபதிப்பு என்று போட்டிருக்கும். எனவே 1952 மேன்டில் என்று யாராவது காட்டினால் முதல் கேள்வி அளவுகோலுக்கு. டி206 மறுபதிப்புகளும் ஏராளம். 1963 டாப்ஸ் 537, அதாவது பின்னாளில் நட்சத்திரமான பீட் ரோஸ் நான்கு புதுமுகங்களில் ஒருவராக இருக்கும் கார்டு, 1980களில் போலியாக அச்சடிக்கப்பட்டது.

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்குங்கள். 1950களின் டாப்ஸ் கார்டில் படம் புள்ளி புள்ளியாக இருக்கும், ஆனால் கறுப்பு எழுத்தும் கட்டக் கோடும் திட்டமாக, உடையாமல் இருக்கும். அசலைப் படமெடுத்து அச்சிட்ட போலியில் எழுத்தும் புள்ளிகளால் ஆகியிருக்கும். விளிம்பு பிசிறாகத் தெரியும். அடுத்து, இருட்டறையில் புற ஊதா டார்ச். காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிர் ரசாயனங்கள் போருக்குப் பிறகுதான் பரவலாயின. 1910-ஐச் சேர்ந்தது என்று சொல்லும் கார்டு நீலவெண்மையாக ஒளிர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஒளிராவிட்டால் அசல் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். பழங்காகிதத்தில் அச்சடித்துத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அசல் கார்டையே வெட்டிச் சரிசெய்வது இன்னொரு மோசடி. மழுங்கிய ஓரத்தை அரை மில்லிமீட்டர் நறுக்கினால் புது முனை கிடைக்கும். இதைப் பிடிக்க, அதே தொகுப்பின் சாதாரணக் கார்டு ஒன்றின் மேல் வைத்து நான்கு பக்கமும் ஒப்பிட வேண்டும். நாள்பட்ட ஓரம் சற்றே நாராக, மங்கலாக இருக்கும். நறுக்கியது பளிச்சென்று இருக்கும். ஆகப் பெரிய எடுத்துக்காட்டு வாக்னர் கார்டில்தான். ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி 1991-இல் கூட்டாக 4,51,000 டாலருக்கு வாங்கிய பிரதி, பிஎஸ்ஏ 8 தரம் பெற்றது, பின்னர் 2007-இல் 28 லட்சம் டாலருக்குப் போனது. அதன் ஓரத்தைத் தான் நறுக்கியதாக ஏலக்காரர் ஒருவர் 2013-இல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார்.

செய்யக் கூடாதவை, செய்ய வேண்டியவை

சுத்தம் செய்யாதீர்கள். அழிப்பான் மேற்பரப்பின் மினுமினுப்பை எடுத்துவிடும். ஈரத்துணி மையை இழுக்கும். பென்சில் எழுத்தை அழித்தாலும் பள்ளம் நிற்கும். பழைய ஆல்பத்தில் ஒட்டிய டி206-களைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துப் பிரிக்கும் முறை அனுபவசாலிகளிடையே உண்டு. முதல்முறையாகப் பெட்டியைத் திறப்பவர் செய்யும் வேலை அல்ல அது. லேமினேஷன் செய்தால் கார்டு முடிந்தது. செல்லோ டேப்பைக் கார்டின்மேல் ஒட்டவே கூடாது.

பிவிசி பிளாஸ்டிக்கில் ஆன பழைய ஆல்பத் தாள்கள் நாளடைவில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும்; கடுமையான பிளாஸ்டிக் வாடையே அடையாளம். பாலிபுரொப்பிலீன், மைலார் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். விலைமதிப்புள்ள ஒவ்வொன்றுக்கும் முதலில் ‘பென்னி ஸ்லீவ்’ என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன்மேல் ‘டாப்லோடர்’ என்ற விறைப்பான உறை. ஸ்லீவின் வாயை இரு விரலால் அகட்டிப் பிடித்து, கார்டின் மேல் ஓரம் முழுவதும் ஒரே நேரத்தில் நுழையுமாறு நேராக இறக்க வேண்டும். கோணலாக விட்டால் மாட்டுவது முனைதான். 1952–56 டாப்ஸுக்குப் பொது அளவு உறை போதாது. திணித்தால் நான்கு முனையும் மடங்கும். டி206-க்கு டொபாக்கோ அளவு உறை தனியாகக் கிடைக்கிறது. பெரிய உறையில் போட்டால் உள்ளே ஆடி ஓரம் தேயும். திருகாணி போட்டு இறுக்கும் பழைய அக்ரிலிக் சட்டங்கள் கார்டை நசுக்கும், தவிருங்கள்.

பரணில் கோடைச் சூடு, பேஸ்மென்ட்டில் ஈரம், இரண்டிலும் இராமபாணப் பூச்சி. மனிதர் வசிக்கும் அறையின் உள் அலமாரிதான் சிறந்த இடம்: 18 முதல் 21 டிகிரி, ஈரப்பதம் 40–50 சதவீதம், வெயில் படாமல்.

தரச்சான்றும் விலையும்

பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் ஆகியவை கார்டைப் பரிசோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரையிடுபவை. நறுக்கியது, வண்ணம் பூசியது போன்றவற்றுக்கு எண் கிடைக்காது. அசல் என்று மட்டும் குறிப்பார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள். எல்லாவற்றையும் அனுப்புவது வீண் செலவு. சான்றுக் கட்டணம், தபால், காப்பீடு மூன்றையும் கூட்டி, அதைவிடப் பல மடங்கு விற்கும் கார்டுகளை மட்டும் அனுப்புங்கள். ஜாக்கி ராபின்சன், வில்லி மேஸ், ஹாங்க் ஆரன், ரொபர்ட்டோ கிளமென்டே, மேன்டில் ஆகிய நட்சத்திரங்களின் ஆரம்ப ஆண்டுக் கார்டுகளும், போருக்கு முந்தைய எந்த நட்சத்திரமும் இதில் சேரும்.

விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் தொகை பொருட்டல்ல. இபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டி, அதே எண், அதே தரம், கடந்த மூன்று மாதம் என்று பார்த்து, ஐந்தாறு விற்பனையின் நடு மதிப்பை எடுங்கள். மிக அரியவற்றுக்கு ஹெரிட்டேஜ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகள் திறந்தே கிடக்கின்றன. வீட்டுக்கு வந்து ‘மொத்தமாக இவ்வளவு’ என்பவரிடம் அன்றைக்கே சரி சொல்லாதீர்கள்.

அமெரிக்காவில் வரி செலுத்துவோருக்கு ஒரு தகவல். மரபுரிமையாக வந்த கார்டின் அடக்க விலை, பொதுவாக அதை வைத்திருந்தவர் இறந்த நாளின் சந்தை மதிப்பு. அதற்கு மேல் கிடைக்கும் ஆதாயத்துக்குத்தான் வரி. சேகரிப்புப் பொருட்களுக்குக் கூட்டரசின் நீண்டகால ஆதாய வரி அதிகபட்சம் 28 சதவீதம். ஆகவே அந்த நாளின் மதிப்பைத் தேதியோடு எழுதி வைப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

குடும்பக் குறிப்பு

சேர்த்தவர் உயிரோடு இருந்தால், விலைப் பட்டியல் போடுவதற்கு முன்பே அவரோடு உட்காருங்கள். “எதை விரும்பினீர்கள்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஒரு கார்டைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்: தாத்தா, இது எந்தக் கடையில் வாங்கியது? ஒரு சென்ட் பாக்கெட்டா, ஐந்து சென்ட்டா? காசு எங்கிருந்து வந்தது? இந்தப் பேனா எழுத்து யாருடையது? இவருக்கு ஏன் மூன்று பிரதிகள், யாரிடம் மாற்றிக்கொள்ள வைத்திருந்தீர்கள்? குரலைப் பதிவு செய்யுங்கள். பின்பக்கத்தில் சிறுவன் குத்திய ரப்பர் ஸ்டாம்ப், முகவரி, பள்ளியின் பெயர் எதையும் அழிக்க நினைக்காதீர்கள். சந்தையில் அது குறைதான். ஆனால் 2 தரம் வாங்கும் ஒரு சாதாரணக் கார்டில் அதை அழித்துக் கிடைக்கப் போவது ஒன்றும் இல்லை. இழப்பது மட்டும் உண்டு.

ஒவ்வொரு கார்டையும் இரு பக்கமும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரில் ஆண்டு, நிறுவனம், எண் மூன்றையும் போடுங்கள். தனித் தாளில் பெட்டி எங்கே கிடைத்தது, எப்போது, யாருடையது, எந்த வரிசையில் இருந்தது என்று எழுதி, எழுதியவர் பெயரும் தேதியும் இடுங்கள். அமிலமற்ற தாள், பென்சில் எழுத்து. தாள் கார்டுகளின் மேல் படாமல் தனி உறையில் இருக்கட்டும். ஏலத்துக்குப் போகும் நாள் வந்தால் இந்தத் தாளே பெட்டியின் வரலாற்றுக்குச் சான்றாகும். டிஃபையன்ஸ் பெட்டியை வாங்கியவர்கள் கேட்டறிந்ததும் கார்டுகள் எப்படி அங்கே வந்தன என்பதைத்தான்.

பங்கு பிரிக்கும்போது நிறைவடைந்த தொகுப்பை உடைக்காதீர்கள். 1956 டாப்ஸ் முழுத் தொகுப்பு ஒருவருக்கு, அதன் மதிப்புக்கு ஈடாக உதிரி நட்சத்திரக் கார்டுகள் மற்றவருக்கு என்று பிரிக்கலாம். விற்க முடிவெடுத்தாலும், தேய்ந்து விலை போகாத நான்கைந்தை, ரப்பர் தடம் பட்டதும் பேனாவால் அணி மாற்றியதுமாகப் பார்த்து எடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் குறிப்புத் தாளின் நகலோடு கொடுத்துவிடுங்கள். அவற்றுக்கு டாப்லோடரே போதும்.